அம்மாவின் சர்வீஸ் காசில் கொழும்புப் பட்டம்: எடுக்கலாமா?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. தங்கச்சி உயர்தரம் வர்த்தகப் பிரிவில் முதல் தடவை எழுதி ஒரு பீ தரமும் இரண்டு சீ தரமும் எடுத்திருக்கிறார். கேம்பஸுக்கு, அதாவது அரச பல்கலைக்கழகத்துக்கு எடுக்கும் வெட்டுப்புள்ளி இன்னும் வரவில்லை. அதற்குள் கொழும்பிலுள்ள தனியார் கல்வி நிறுவனமொன்றின் ஆள் வீட்டுக்கே வந்து, "இந்தப் புள்ளிக்குக் கேம்பஸ் கிடைக்காது, எங்களிடம் வந்தால் மூன்று வருடத்தில் இங்கிலாந்துப் பட்டம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மொத்தம் 16 இலட்சம். முதல் தவணை 3 இலட்சம், அதுவும் இரண்டு வாரத்துக்குள். அப்பா இல்லை. அம்மாவுக்கு 52 வயது, 26 வருடமாகத் தேயிலைக் கொழுந்து எடுக்கிறார். அம்மா வேலையை விட்டால் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி), சர்வீஸ் காசு (பணிக்கொடை) இரண்டும் கைக்கு வரும்; மீதிக்கு வெள்ளவத்தையில் கடையொன்றில் வேலை செய்யும் இந்தத் தம்பி தன் பெயரில் லோன் எடுப்பதாக யோசனை. "செய்யலாமா அண்ணே? படித்து முடித்தால் வேலை கிடைக்குமா?" என்று கேட்கிறார்.

தம்பி, அந்த முதல் தவணையைக் கட்டாதீர்கள். தங்கச்சி படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் படிக்க வேண்டும். நான் ஹட்டனில் வங்கியொன்றின் கடன் பிரிவில் வேலை பார்த்தவன். இப்போது பிள்ளைகளுக்கு விண்ணப்பப் படிவம் நிரப்ப உதவி செய்கிறேன். மலையகத்தில் படிப்புக்காகக் கடன்பட்ட வீடுகளில் நான் பார்த்தது இதுதான்: காசு செலவில்லாத வழிகளை ஒருவரும் முழுதாகச் சொல்லிக் கொடுப்பதில்லை, காசு கேட்கும் வழியைச் சொல்ல மட்டும் வீட்டு வாசலுக்கே ஆள் வருகிறது. அதனால் கடன் முதலாவதாக வந்துவிடுகிறது. அது கடைசியாக வர வேண்டியது.

முதலில் அம்மாவின் கணக்கைப் பார்ப்போம், உங்கள் திட்டத்தில் எனக்கு மிகவும் வலிக்கிற இடம் அதுதான்.

2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அடிப்படைச் சம்பளத்தை 1,550 ஆக்கி, வருகைக்காக அரசாங்கம் 200 கொடுத்து, மொத்தம் 1,750 என்று அறிவித்தார்கள். அந்த 1,750ஐயே வைத்துக்கொள்வோம். மாதம் 22 பேர், அதாவது 22 நாள் வேலை, போட்டால் 38,500 ரூபா. 16 இலட்சத்தை அதால் பிரித்தால் ஏறத்தாழ 42 மாதம் வருகிறது. வீட்டில் அரிசி மா வாங்காமல், கடைப் பற்றுக் கட்டாமல், கோயில் திருவிழாவுக்குப் பத்து ரூபாகூடக் கொடுக்காமல், மூன்றரை வருடம் அம்மா எடுக்கும் கொழுந்து முழுவதும் அந்த ஒரு பட்டத்துக்குப் போகும். மழைக்காலத்தில் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழும் நாட்களை நான் இதில் கழிக்கவே இல்லை.

சர்வீஸ் காசுக்கு ஒரு சட்டம் இருக்கிறது: 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம். நாட்சம்பளக்காரருக்கு, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். எந்தச் சம்பளம்? கடைசியாக வாங்கிய சம்பளம். 26 வருடத்துக்கு 364 நாள். 1,350 படி கணக்குப் பார்த்தால் 4,91,400 ரூபா. புதிய அடிப்படைச் சம்பளமான 1,550 படி பார்த்தால் 5,64,200. அதே 26 வருட உழைப்புத்தான், சம்பள உயர்வுக்குப் பிறகு விட்டால் 72,800 ரூபா கூட. இனியும் சம்பளம் கூடும்போதெல்லாம் பின்னால் கிடக்கும் அத்தனை வருடத்துக்கும் சேர்த்தே அது கூடும். 52 வயதில் அம்மா விட்டால், நடந்து முடிந்த 26 வருடத்தையும் இன்றைய விலைக்கு விற்பதாக ஆகிவிடும்.

பெண்கள் 50 வயதுக்குப் பிறகு வேலையை விட்டு ஈபிஎஃப் எடுக்கலாம் என்பது உண்மை. எடுத்த பிறகு என்ன நடக்கிறது என்றும் உங்களுக்குத் தெரியும். ஆறு மாதத்தில் அதே மலைக்கு அதே அம்மா கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போவார். செக்ரோலில் (தோட்டத்தின் வேலைப் பதிவேட்டில்) பேர் இருக்காது, ஈபிஎஃப் இருக்காது, சர்வீஸ் ஓடாது. வீட்டில் ஒருவரும் தோட்டத்தில் பதிவில் இல்லை என்றானதும் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவை (வரிசை வீட்டு அறையை)ப் பற்றிய பேச்சு எப்படித் தொடங்கும் என்பதையும் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா தங்கச்சிக்காக எதையும் செய்வார், அதில் சந்தேகமே இல்லை. அதனால்தான் வேண்டாம் என்று நீங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. அவராகச் சொல்ல மாட்டார்.

இப்போது உங்கள் லோன். 10 இலட்சம் என்று வைப்போம், வட்டி வருடத்துக்கு 15 வீதம், ஐந்து வருடம். மாதத் தவணை ஏறத்தாழ 23,800 ரூபா வரும். கட்டி முடிக்கும்போது 14 இலட்சத்துக்கு மேல் கொடுத்திருப்பீர்கள். தவணை தங்கச்சி படித்து முடிக்கும்வரை காத்திருக்காது, லோன் எடுத்த அடுத்த மாதமே தொடங்கும். அதே மூன்று வருடத்தில் அவருக்கு போர்டிங் காசு, சாப்பாடு, பஸ் காசு எல்லாம் வேண்டும். வெள்ளவத்தையில் ஒரு அறைக்கு என்ன கேட்கிறார்கள் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த 16 இலட்சத்தில் இவை ஒன்றும் அடங்காது. இரண்டு தவணை பிந்தினால் உங்கள் பெயர் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் ஏறும், கிரிப் என்று வங்கியில் சொல்வார்களே, அது. நாளைக்கு நீங்கள் சொந்தமாக ஒரு சின்னக் கடை போட நினைத்தாலும், ஒரு த்ரீவீலுக்கு லீசிங் கேட்டாலும், முதலில் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். பிணை நிற்கிறவருக்கும் இதே கதிதான். ஆகவே சித்தப்பாவையோ கடை முதலாளியையோ பிணைக்குக் கூப்பிடுவதற்கு முன்னால் அவர்களுக்கும் இதைச் சொல்லிவிட வேண்டும். வாராந்தம் குழுவாக வந்து வசூலிக்கும் நுண்கடனைப் படிப்புக்காக எடுப்பதைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம்.

"இங்கிலாந்துப் பட்டம்" என்கிறார்களே, அதில் பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம், அது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிப்பதா என்பது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால் ஆணைக்குழுவிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நிறுவனத்தின் ஆள் காட்டும் அட்டையோ, சுவரில் தொங்கும் சான்றிதழோ அதற்கு ஈடாகாது. பல நிறுவனங்களில் முதல் இரண்டு வருடம் படிப்பது டிப்ளோமா. கடைசி வருடம் மட்டும்தான் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பதிவாகும். காசு முடிந்து இடையில் நின்றால் கையில் மிஞ்சுவது அந்த டிப்ளோமாதான். அதை வேறிடத்தில் ஏற்பார்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

மற்றது, கட்டணம் ரூபாவிலா பவுணிலா என்பது. இது சின்ன விஷயமாகத் தெரியும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதம் 360ஐத் தொட்டது, பவுணும் கூடவே ஏறியது. கடைசி வருடக் கட்டணத்தைப் பவுணில் கட்ட வேண்டியிருந்த பிள்ளைகளுக்கு, ஒரு பாடமும் கூடாமல் ஒரு நாளும் கூடாமல், ரூபாவில் கட்டும் தொகை மட்டும் எகிறியது. இரண்டு வருடம் கட்டி முடித்துவிட்டு மூன்றாம் வருடம் நின்றுபோன பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்கள் கெட்டிக்காரப் பிள்ளைகள். வீட்டில் விற்க வேறொன்றும் மிச்சமில்லாததால் நின்றார்கள்.

சரி, அந்த ஆள் சொன்னபடி தங்கச்சிக்குக் கேம்பஸ் கிடைக்கவே கிடைக்காதா? வெட்டுப்புள்ளி வருமுன் அவருக்கு அது எப்படித் தெரியும்?

அரச பல்கலைக்கழக அனுமதியில் அகில இலங்கைத் திறமைக்கு 40 வீதம், மாவட்டத்துக்கு 55 வீதம், கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 வீதம். உங்கள் நுவரெலியா மாவட்டமும் பதுளையும் இரத்தினபுரியும் அந்தப் பதினாறுக்குள் வருகின்றன. (கண்டி, மாத்தளை, கேகாலை வருவதில்லை.) ஒரு பீயும் இரண்டு சீயும் என்றால் பெரிய பல்கலைக்கழகங்களில் முகாமைத்துவம் கிடைப்பது கஷ்டம்தான். அதை மறைத்துச் சொல்லி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. ஆனால் வர்த்தகப் பிரிவுப் பிள்ளை விண்ணப்பிக்கக்கூடிய கற்கைநெறிகள் அதோடு முடிவதில்லை. பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் விருந்தோம்பலும் சுற்றுலாவும் சார்ந்த கற்கை இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகம், அதன் திருகோணமலை வளாகம், ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம், வவுனியா, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்கள் என்று பார்க்க எத்தனையோ இடம் இருக்கின்றன. ஆணைக்குழுவின் கைநூலில் எந்தக் கற்கைநெறிக்கு எந்தப் பாடச் சேர்க்கை வேண்டும், போன வருடம் மாவட்டவாரியாக எந்தப் புள்ளியில் நின்றது எல்லாம் அச்சிலேயே இருக்கும்.

நம் பிள்ளைகள் அதிகம் இழப்பது இந்தப் படிவத்தில்தான். தெரிந்த நாலைந்து கற்கைநெறிகளை எழுதிவிட்டு மிச்சத்தை வெறுமையாக விடுகிறார்கள். "யாழ்ப்பாணம் தூரம், ஒலுவில் தெரியாத ஊர்" என்று வீட்டிலேயே வெட்டிவிடுகிறார்கள். தங்கச்சி தகுதி பெறும் ஒவ்வொரு கற்கைநெறியையும், அவருக்குப் பிடித்த வரிசையில், கடைசிவரை எழுதட்டும். முதல் சுற்றில் கிடைக்காவிட்டாலும், பிறகு வெற்றிடம் நிரப்பும்போது பெயர் வருவதுண்டு. எழுதாத கற்கைநெறிக்கு மட்டும் ஒருநாளும் வராது. வரிசையை யோசித்துப் போடுவதும் முக்கியம். ஒரு தடவை பதிவு செய்துவிட்டால் அடுத்த வருடம் வேறொன்றுக்கு மாறி விண்ணப்பிக்க முடியாது. இன்னொன்று, இது அவருடைய முதல் தடவை. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைவரை எழுதலாம். ஒரு சீயை ஏயாக்க ஒரு வருடம் செலவழிப்பது வீண் என்று நினைக்காதீர்கள். அந்த ஒரு வருட டியூஷன் காசு 16 இலட்சத்தில் ஒரு மூலைக்கும் வராது.

கிடைத்துவிட்டால் கல்விக் கட்டணம் இல்லை. அதற்காகச் செலவே இல்லை என்று நினைத்துப் போய் மாட்டிக்கொள்ளவும் வேண்டாம். மஹாபொல உதவித்தொகை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000இலிருந்து 7,500 ரூபாவாகக் கூட்டப்பட்டது; அது கிடைக்காத, வருமானம் குறைந்த பிள்ளைகளுக்கு பர்சரி உண்டு, அது 4,000இலிருந்து 6,500 ஆனது. இரண்டுமே பிந்தித்தான் வரும். முதல் சில மாதம் ஒரு சதமும் வராது என்று வைத்துக்கொண்டே வீட்டில் கணக்குப் போடுங்கள். விடுதிக்கான முற்பணம், ஒரு மெத்தை, குடை, சீலையோ சட்டையோ நாலைந்து, ஊரிலிருந்து போய்வரும் பஸ் காசு, சாப்பாடு எல்லாம் அந்த மாதங்களில்தான் ஒன்றாக வந்து விழும். அம்மாவின் சங்கிலியை வங்கியில் அடகு வைக்கலாம் என்று நான் சொல்லும் ஒரே சந்தர்ப்பம் இதுதான்: தொகை சிறியது, எதற்கு என்று தெரியும், மஹாபொல வந்ததும் மீட்டுவிடலாம்.

வருமானச் சான்று விஷயத்தில் மட்டும் அவதானமாக இருங்கள். அம்மாவின் சம்பளத் துண்டுகள், தோட்டக் கந்தோரிலிருந்து கடிதம், கிராம சேவகரின் சான்றிதழ், பிரதேச செயலகத்தின் ஒப்பம் எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நம் அம்மாமாருக்கு அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பெயர். படிவம் அனுப்பும் வாரத்தில் அதைத் திருத்த ஓடினால் முடியாது. இப்போதே எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்றே ஓர் உதவி இருப்பதும் பலருக்குத் தெரியாது. இந்திய அரசு 1947இல் தொடங்கிய இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம், உயர்தரத்திலும் பல்கலைக்கழகத்திலும் படிக்கும் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கிறது. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் விசாரிக்கலாம். இந்தியாவிலேயே போய்ப் படிக்க வேறு புலமைப்பரிசில்களும் அங்கே அறிவிப்பார்கள். இதற்கும் அம்மா தோட்டத்தில் பதிவிலுள்ள தொழிலாளி என்ற சான்று வேண்டியிருக்கும். வேலையை விடச் சொல்வதற்கு முன் இதையும் யோசியுங்கள்.

கேம்பஸ் கிடைக்கவில்லை என்றே வைப்போம். வர்த்தகம் படித்த பிள்ளைக்கு நான் முதலில் காட்டும் கதவு, உயர் தொழில்நுட்பவியல் கல்வி நிறுவகத்தின் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா, எச்என்டிஏ. கண்டியிலும் பதுளையிலும் அந்த நிறுவகத்தின் கல்லூரிகள் இருக்கின்றன. எந்த இடத்தில் எந்தப் பாடநெறி என்பதை அந்த வருட அறிவித்தலில் பார்த்துக்கொள்ளுங்கள். முழுநேரம் படித்தால் கட்டணம் இல்லை. நாலு வருடம், அதற்குள் நிறுவனமொன்றில் பயிற்சியும் சேர்ந்தே வரும். அரச வேலைக்கு அதை வணிகமாணிப் பட்டத்துக்கு ஈடாக ஏற்கும் பொது நிர்வாகச் சுற்றறிக்கை 1990இல் வந்தது. கொழும்பு ஆள் 16 இலட்சத்துக்கு விற்கும் பாடங்களில் பெரும்பகுதி இதற்குள்ளும் இருக்கிறது. பெயரில் "பட்டம்" என்ற சொல் இல்லாததால் நம் வீடுகளில் இதற்கு மதிப்பில்லை, அது எனக்குப் பெரிய மனவருத்தம். படிப்பு ஆங்கிலத்தில்தான். முதல் வருடம் தங்கச்சி திணறுவார். அதற்கு என்ன செய்யலாம் என்று கீழே சொல்கிறேன்.

கூடவே ஏஏடீ என்ற கணக்கியல் தொழில் பரீட்சையும் எழுதலாம். தமிழிலேயே பரீட்சை எழுத முடியும், ஒவ்வொரு கட்டமாகக் காசு கட்டினால் போதும், இடையில் நிறுத்தினாலும் முடித்த கட்டம் கையில் இருக்கும். அங்கிருந்து பட்டயக் கணக்காளர் படிப்புக்குப் போகிற பிள்ளைகள் கணக்காய்வு நிறுவனங்களில் பயிலுனராகச் சேர்ந்து, கொடுப்பனவு வாங்கிக்கொண்டே படிக்கிறார்கள். கொடுப்பனவு பெரிதல்ல. ஆனால் படிக்கிற காலத்தில் காசு வீட்டிலிருந்து போகாமல் கொஞ்சமாவது வீட்டுக்கு வருகிறது. தவணை கட்டிப் படிப்பதோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆசிரியராக விருப்பம் என்றால் தேசிய கல்வியியற் கல்லூரி. கொட்டகலைக்குப் பக்கத்தில் பத்தனையில், ஜெர்மன் உதவியோடு தோட்டப் பாடசாலைகளுக்கென்று கட்டப்பட்ட ஸ்ரீபாத கல்லூரி இருக்கிறது. விடுதியில் தங்கிப் படிப்பு, பிறகு ஒரு பாடசாலையில் பயிற்சி, எல்லாமாக மூன்று வருடம். கட்டணம் இல்லை, சின்னக் கொடுப்பனவும் உண்டு, முடித்தால் ஆசிரியர் சேவையில் நியமனம். வர்த்தமானி வரும் நேரத்தைத் தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடும். எந்தப் பாடநெறிக்கு எந்தத் தகுதி என்று வர்த்தமானியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தாதியர் பயிற்சியும் இப்படித்தான், கொடுப்பனவோடு. விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் சொல்லுங்கள்.

வேலை செய்துகொண்டே பட்டம் எடுக்கத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது, கண்டியிலும் பதுளையிலும் நிலையங்கள் உண்டு. எடுக்கும் பாடத்துக்கு மட்டும் காசு, கஷ்டமான வருடத்தில் பாடத்தைக் குறைத்துக்கொள்ளலாம். முடிக்க அதிக காலம் எடுக்கும், நடுவில் சோர்ந்துபோகிறவர்களும் உண்டு. ஹொட்டேல் துறை பிடித்தால் பண்டாரவளையிலும் கண்டியிலும் சுற்றுலா, ஹொட்டேல் முகாமைத்துவ நிறுவகத்தின் கல்லூரிகள் இருக்கின்றன; நுவரெலியா, எல்ல பக்கம் வேலையும் பக்கத்திலேயே இருக்கும். கையால் வேலை செய்யப் பிடித்த தம்பிமாருக்கு, கண்டி, பதுளைத் தொழில்நுட்பவியல் கல்லூரிகளில் என்விகியூ (தேசிய தொழில் தகைமை) 5ஆம், 6ஆம் மட்டம். அதற்கு மேல் இரத்மலானையில் தொழில்சார் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்தில் பட்டம்வரை போகலாம். மின்னிணைப்புக்காரர், வெல்டிங்காரர் சம்பாதிப்பதை நம் படித்த பிள்ளைகள் பலர் சம்பாதிப்பதில்லை. இதை அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை, ஹட்டன் டவுனில் யாரைக் கேட்டாலும் தெரியும்.

இவ்வளவும் பார்த்து, தனியார் பட்டம்தான் என்று தங்கச்சி உறுதியாக நின்றால், அப்போது கடனைப் பற்றிப் பேசலாம். அதிலும் முதலில் பார்க்க வேண்டியது அரசின் வட்டியற்ற மாணவர் கடன். 2017இல் தொடங்கியது. உயர்தரம் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகாத பிள்ளைகள், அமைச்சு ஏற்றுக்கொண்ட அரச சார்பற்ற நிறுவனங்களில் பட்டம் படிக்க எடுக்கலாம். தொடக்கத்தில் கட்டணத்துக்கு 8 இலட்சம்வரை கொடுத்தார்கள், பிறகு உச்சவரம்பைக் கூட்டினார்கள். வட்டியை அரசு கட்டுகிறது. படிக்கும் காலத்திலும் முடித்து ஒரு வருடம்வரையும் தவணை இல்லை. கடன் தங்கச்சியின் பெயரில், அவர் சம்பாதிக்கப் போகும் காசிலிருந்து கட்டுவதாக இருக்கும். உங்கள் லோனுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் அதுதான். பிணையாளர் தேவை, தோட்டத்துக் குடும்பங்களுக்கு அதுதான் தலையிடி. நிரந்தர வருமானமுள்ள ஒரு ஆசிரியரோ உறவினரோ கிடைப்பாரா என்று இப்போதே பேசி வையுங்கள். உங்கள் வீட்டுக்கு வந்த நிறுவனம் அந்த ஏற்றுக்கொண்ட பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுப் பட்டம் விற்கும் இடங்கள் பொதுவாக அதில் வராது.

வேலை வாய்ப்பைப் பற்றிக் கேட்டீர்கள். பட்டம் எடுத்தால் அரசாங்கம் வேலை தரும் என்ற நம்பிக்கையில் கடன்படாதீர்கள். தருவது நடந்திருக்கிறது. 2020இல் பட்டதாரிகளை ஆயிரக்கணக்கில் பயிலுனராக எடுத்து மாதம் 20,000 கொடுத்தார்கள். பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர் எடுத்தபோது 6,000 ரூபாவில் தொடங்கி, போராடித்தான் 10,000 ஆனது. அந்த 6,000 ரூபாவில் பஸ் காசுக்கே திண்டாடிய பிள்ளைகள் இன்றைக்கு நல்ல ஆசிரியர்கள். ஆனால் அப்போது அவர்களுக்கு மாதம் 23,800 தவணை ஒன்றும் இருந்திருந்தால் ஒரு மாதம்கூட நின்றிருக்க முடியாது. கடன் இல்லாத பிள்ளையால்தான் சின்னச் சம்பளத்தில் தொடங்கி நல்ல இடத்துக்காகக் காத்திருக்க முடியும். கடனோடு வெளியே வரும் பிள்ளை முதலில் கிடைப்பதைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நின்றுவிடுகிறது.

தனியார் துறையில் தங்கச்சியிடம் முதலில் கேட்கப் போவது ஆங்கிலம். அடுத்தது எக்செல், கணக்கு மென்பொருள். சிங்களம் நன்றாகப் பேசவும் எழுதவும் தெரிந்தால், தமிழும் சேர்த்து மூன்று மொழி. வங்கியில், காப்புறுதியில், பிரதேச செயலகத்தில், ஆஸ்பத்திரியில், தமிழ்ச் சனத்தோடு தமிழில் பேசி சிங்களத்தில் கோப்பு எழுதக்கூடிய ஆள் போதாமல் இருக்கிறது. நுவரெலியா மாவட்டத்தில் எந்தக் கந்தோர் வரிசையில் நின்றாலும் அது தெரியும். மலையகத்துப் பிள்ளை சின்ன வயதிலிருந்தே இரண்டு மொழியையும் காதால் கேட்டு வளர்கிறது. அதை எழுத்தாக்கிச் சான்றிதழாக்க ஒரு வருடம் போதும். வெட்டுப்புள்ளி வரும்வரை தங்கச்சி வீட்டில் சும்மா இருக்கப் போகிறார் அல்லவா? அந்த மாதங்களில் ஹட்டனில் ஒரு நல்ல ஆங்கில வகுப்புக்கும் கணினி வகுப்புக்கும் அனுப்புங்கள். எச்என்டிஏ முதல் வருடத் திணறலுக்கும் மருந்து அதுதான்.

உங்கள் கடிதத்தில் தங்கச்சி என்ன படிக்க விரும்புகிறார் என்று ஒரு வரிகூட இல்லை. அம்மா என்ன நினைக்கிறார், சித்தப்பா என்ன சொன்னார், பக்கத்து லயத்துப் பிள்ளை கொழும்பில் படிப்பதைப் பார்த்து ஊரில் என்ன பேசுகிறார்கள், எல்லாம் இருக்கிறது. அவரைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். கணக்கியல் பிடிக்குமா, பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் பிடிக்குமா, இன்னொரு தடவை எழுத மனமிருக்கிறதா? அம்மாவின் சர்வீஸ் காசைப் பற்றிய பேச்சு தன் காதில் விழுந்ததால் தங்கச்சி வாயைத் திறக்காமல் இருக்கலாம். அண்ணன் வாயால் "அம்மா வேலையை விடப் போவதில்லை" என்று முதலில் கேட்டால்தான் அவர் மனதிலுள்ளதைச் சொல்வார்.

அந்த ஆள் திரும்ப வந்தால் கோபப்பட வேண்டாம், அவருக்கும் அது வேலை. பட்டம் தரும் பல்கலைக்கழகத்தின் பெயர், எந்த வருடம் அங்கே பதிவு, கட்டணம் ரூபாவிலா பவுணிலா, பரீட்சை மறுபடி எழுத எவ்வளவு, இடையில் விலகினால் கட்டிய காசில் எவ்வளவு திரும்பும், இவை எல்லாவற்றையும் நிறுவனத்தின் கடிதத்தாளில் ஒப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள். வெட்டுப்புள்ளி வந்த பிறகு பேசுவோம் என்று சொல்லி அனுப்புங்கள். இரண்டு வாரத்தில் சேராவிட்டால் இடம் போய்விடும் என்பார். அடுத்த தொகுதிக்கும் அவர்கள் ஆள் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள். ஆணைக்குழுவின் கைநூல் கைக்கு வந்ததும் தங்கச்சியின் பெறுபேற்றுத் தாளையும் அம்மாவின் சம்பளத் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்கு வாருங்கள், வரிசையைச் சேர்ந்து உட்கார்ந்து போடலாம்.